நடப்பவருக்கு எங்கே இடம்?

நடைபாதை என்ற சொல்லை நாம் எப்போதெல்லாம் பயன்படுத்துகிறோம் என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். நடைபாதைக் கடை என்கிறோம். நடைபாதை வியாபாரி என்கிறோம். நடைபாதையில் மோட்டார் சைக்கிளை நிறுத்தியவரைப் பற்றிப் பேசுகிறோம். இந்தச் சொல் எம் வாயில் வரும் இடங்களில் எல்லோரும் இருக்கிறார்கள். நடப்பவர் மட்டும் இல்லை. பெயரில் நடை இருக்கிறது, பாதையில் நடக்க இடமில்லை. யாழ்ப்பாண நகரின் பல வீதிகளது நிலையும் இதுதான்.

இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது ஒன்றே ஒன்று. நடைபாதை என்பது வீதி போட்டு முடிந்த பிறகு மிஞ்சும் இடமல்ல. அதுவும் வீதிதான், இன்னும் சொன்னால் வீதியின் முதற் பகுதி. அது இடையில் அறுந்து போகாமல் வீட்டு வாசலிலிருந்து பாடசாலை வாசல் வரை, வைத்தியசாலை வரை, நூலகம் வரை செல்ல வேண்டும். அப்படிச் செல்லாத ஊரில் முதலில் வீட்டுக்குள் ஒதுங்கிக் கொள்பவர்கள் முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும். அவர்களுக்கு அடுத்தபடியாக ஒதுங்குபவர்கள் எங்களைப் போன்ற பெண் பிள்ளைகள்.

எல்லோரும் நடப்பவர்களே

வாகனம் வாங்க வசதியில்லாதவர்தான் நடப்பார் என்ற எண்ணம் எம்மிடையே மெல்ல மெல்ல ஊறிவிட்டது. உண்மை அதுவல்ல. காரில் வருபவரும் காரை நிறுத்திவிட்டு நடந்துதான் கடைக்குள் போகிறார். பஸ்ஸில் வருபவருடைய பயணம் தரிப்பிடத்தில் முடிவதில்லை. ஐவேளைத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குச் செல்லும் முதியவர், சந்தையில் மீன் வாங்கி வரும் தாய், வைத்தியசாலை விடுதிக்குச் சோற்றுப் பொதி கொண்டு போகும் மகன் எல்லோரும் நடப்பவர்களே. 2022ஆம் ஆண்டு எரிபொருளுக்காக நாடு முழுவதும் வரிசையில் நின்றபோது இந்த நகரை இயக்கியவை சைக்கிள்களும் கால்களும்தான். யுத்த காலத்தில் பெற்றோல் கிடைக்காத ஆண்டுகளிலும் அப்படித்தான் இருந்தது என்று மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். நெருக்கடி வரும்போது நடையை நம்புகிறோம். நெருக்கடி தீர்ந்ததும் நடப்பவரை மறந்துவிடுகிறோம்.

யுத்தம் முடிந்த பின்னர் ஏ-9 கண்டி வீதி, காங்கேசன்துறை வீதி, பலாலி வீதி என்று எமது பிரதான வீதிகள் ஒவ்வொன்றாகக் காப்பற் வீதிகளாயின. அது நல்ல விடயம். குண்டும் குழியுமான வீதிகளில் நோயாளியை ஏற்றிச் சென்றவர்களுக்கு அதன் பெறுமதி தெரியும். ஆனால் வீதி வழுவழுப்பானதும் வேகமும் கூடியது. பல இடங்களில் தார் மதிலோரம் வரை வந்து நின்றது. முன்னர் ஓரத்திலிருந்த மண்ணில் நடந்தவருக்கு அந்த மண்ணும் இல்லாமற் போயிற்று. உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் ஓராண்டில் வீதி விபத்துகளால் இறப்போர் ஏறத்தாழ 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர். அவர்களில் ஐந்தில் ஒருவர் பாதசாரி. எந்த வாகனத்தையும் ஓட்டாமல், எந்த வேகத்தையும் கூட்டாமல் இறந்தவர்கள் அவர்கள்.

அளவு நாடாவுடன் ஒரு நடை

சென்ற மாரி காலத்தில் நானும் என் வகுப்புத் தோழியர் மூவரும் புவியியல் பாடச் செயற்பாடு ஒன்றுக்காக அளவு நாடாவும் குறிப்புப் புத்தகமும் எடுத்துக்கொண்டு ஒரு வீதியோரமாக நடந்தோம். வீதியின் பெயர் முக்கியமல்ல. அப்படியொரு வீதி ஒவ்வொரு வட்டாரத்திலும் உண்டு.

அங்கே நடைபாதை என்று இருந்தது கானை மூடிய கொங்கிறீற் பலகைகள்தான். தொடக்கத்தில் ஒரு மீற்றர் அகலம் இருந்தது. கொஞ்ச தூரத்தில் நடுவே ஒரு மின்கம்பம். கம்பத்துக்கும் மதிலுக்கும் இடையில் ஓர் அடிக்குச் சற்று அதிகமான இடைவெளி. புத்தகப் பையோடு அதனூடே போக முடியாது. அடுத்து ஒரு வீட்டுக் கேற். வீட்டுக்காரரின் வாகனம் ஏறுவதற்காக நடைபாதை அங்கே வீதி மட்டத்துக்கு இறக்கப்பட்டிருந்தது. இறங்கி ஏறினோம். அடுத்த கேற், மீண்டும் இறங்கி ஏறினோம். பிறகு ஒரு கடையின் விளம்பரப் பலகை, அதற்கப்பால் யாரோ வீடு கட்டக் கொட்டிய மணல் கும்பி. ஓரிடத்தில் கானின் மூடி இல்லை. விழுந்துவிடாமல் இருப்பதற்காக நல்ல மனிதர் ஒருவர் வேப்பங்கொப்பொன்றை அந்தக் குழியில் நட்டு வைத்திருந்தார். கொப்பிலிருந்த இலைகள் காய்ந்து போயிருந்தன. அந்த மூடி எவ்வளவு காலமாக இல்லை என்பதைக் காய்ந்த இலைகளே சொல்லின.

பதினைந்து நிமிட நடையில் எத்தனை தடவை வீதிக்கு இறங்க வேண்டி வருகிறது என்று எண்ணிக்கொண்டு போனோம். பதினொன்றுடன் எண்ணுவதை விட்டுவிட்டோம். ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் பின்னால் என்ன வருகிறது என்று திரும்பிப் பார்க்க வேண்டும். எங்கள் நால்வருக்கும் கண்ணும் காதும் காலும் நன்றாக இருக்கின்றன. அவை இல்லாதவர் அந்த வீதியில் என்ன செய்வார்?

இது யாழ்ப்பாணத்தில் வெறும் கற்பனைக் கேள்வியல்ல. யுத்தத்தில் காலை இழந்து செயற்கைக் காலுடன் நடப்பவர்கள் எம்மத்தியில் வாழ்கிறார்கள். அத்தகைய கால்களைச் செய்து கொடுக்கும் ஜெய்ப்பூர் நிலையம் இந்த நகரிலேயே இயங்குகிறது. சுன்னாகத்தில் விழிப்புலனற்ற பிள்ளைகளுக்கான வாழ்வகம் இருக்கிறது. நடக்கக் கால் கொடுக்கிறோம், படிக்கப் பிரெயில் கொடுக்கிறோம். நடந்து போகப் பாதை கொடுக்காவிட்டால் அந்த உதவி வாசற்படியோடு நின்றுவிடாதா?

ஒரு பிள்ளையின் படிப்பும் ஒரு வீதியின் ஓரமும்

பெற்றோருக்கு இந்தப் பகுதியைச் சற்றுக் கவனமாக வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு மாணவி. கெட்டிக்காரி. பாடசாலை முடிந்து பிற்பகல் வகுப்பொன்றுக்குப் போய்க்கொண்டிருந்தாள். வீட்டிலிருந்து அந்த வகுப்பு இருபது நிமிட நடை. வாப்பா வேலை முடிந்து வர இரவாகும். நானா வெளியூரில். கோடையில் எப்படியோ சமாளித்தாள். மாரி தொடங்கியதும் வீதியோரமெல்லாம் வெள்ளம். எங்கே கான், எங்கே பாதை என்று தெரியாது. போகும் பஸ் வெண்ணிறச் சீருடையில் சேற்றை அடித்துவிட்டுப் போகும். ஆறு மணிக்கே இருட்டிவிடும். உம்மா பயந்தார். சில வாரங்கள் ஆட்டோவில் போனாள். மாத முடிவில் பார்த்தால் வகுப்புக் கட்டணத்தைவிட ஆட்டோக் கூலி கூடியிருந்தது. அவள் வகுப்பை நிறுத்திவிட்டாள். யாரும் அவளைப் படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. வாப்பாவும் சொல்லவில்லை, உம்மாவும் சொல்லவில்லை. ஆனாலும் படிப்பின் ஒரு பகுதி நின்றுபோயிற்று.

பெண் பிள்ளைகளின் கல்வி பற்றி எம் மேடைகளில் நிறையப் பேசுகிறோம். தடைகளை மனங்களில் தேடுகிறோம். சில தடைகள் மனங்களில் இல்லை. வீதியோரத்தில், மூடியில்லாத கானில் இருக்கின்றன. பிள்ளையைத் தனியே அனுப்பப் பயப்படும் தாயைப் பழமைவாதி என்று சொல்வது எளிது. அவர் பயப்படுவது தூரத்துக்கல்ல, வழிக்கு. வழியைச் சரிசெய்தால் பயத்தில் பாதி தானாகவே குறையும்.

நடைபாதை போட்டவுடன் வீதியில் கேலி செய்யும் வாய்கள் மூடிக்கொள்ளும் என்று நான் சொல்லவில்லை. அது வேறொரு கட்டுரைக்குரிய விடயம். ஆனால் அகலமான, வெளிச்சமான பாதையில் நாலு பேர் நடப்பார்கள். நாலு பேர் நடக்கும் இடத்தில் ஐந்தாவதாக ஒரு பெண் பிள்ளை நடப்பதற்குத் துணிவு வேண்டியதில்லை. ஆள் நடமாட்டமே பெரிய காவல்.

பாதைக்கும் உரிமை உண்டு

எமது மார்க்கத்தில் பாதை சிறிய விடயமாகக் கருதப்படவில்லை. பாதையில் கிடந்து துன்பம் தரும் பொருளை அகற்றுவதை நபி (ஸல்) அவர்கள் ஈமானின் கிளைகளில் ஒன்றாகக் கற்றுத் தந்தார்கள். வீதியோரங்களில் அமர்ந்து பேசுவதைத் தவிர்க்க முடியாது என்று தோழர்கள் சொன்னபோது, அப்படியானால் பாதைக்குரிய உரிமையைக் கொடுத்துவிடுங்கள் என்ற கருத்தில் அறிவுறுத்தினார்கள். பாதையின் அகலம் பற்றிப் பிணக்கு ஏற்பட்டால் ஏழு முழம் விட வேண்டும் என்று அவர்கள் தீர்ப்பளித்த செய்தி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியிருக்கிறது. முழத்தை 45 சென்ரிமீற்றர் என்று கொண்டால் அது மூன்று மீற்றருக்குச் சற்று அதிகம்.

அளவைச் சொல்லித் தீர்ப்பளித்திருக்கிறார்கள் என்பதே என்னைச் சிந்திக்க வைத்தது. விட்டுக்கொடுத்துப் போங்கள் என்று பொதுவாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அளவில்லாத உரிமையை வலியவர் தின்றுவிடுவார் என்பது எல்லாக் காலத்துக்கும் பொருந்தும். நடப்பவரின் இடத்துக்கும் ஓர் அளவு வேண்டும்.

பொறியியல் என்ன சொல்கிறது?

அந்த அளவுகள் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட வேண்டியவை அல்ல. இந்திய வீதிக் காங்கிரஸ் 2012இல் வெளியிட்ட பாதசாரி வசதிகளுக்கான வழிகாட்டி, குடியிருப்புப் பகுதியிலும் தடையின்றி நடப்பதற்குக் குறைந்தது 1.8 மீற்றர் அகலம் வேண்டும் என்கிறது. எதிரெதிரே வரும் இரண்டு சக்கர நாற்காலிகள் ஒன்றையொன்று கடக்கத் தேவையான அகலம் அது. கம்பமும் பலகையும் மரமும் அந்த 1.8 மீற்றருக்கு வெளியே நிற்க வேண்டும். நடைபாதையின் உயரம் வீதியிலிருந்து 15 சென்ரிமீற்றருக்கு மேற்படக் கூடாது. அதற்கு மேற்பட்டால் முழங்கால் வலியுள்ள முதியவர் அதில் ஏறமாட்டார், வீதியிலேயே நடப்பார். சக்கர நாற்காலி ஏறுவதற்கான சாய்வு பன்னிரண்டுக்கு ஒன்றாக இருக்க வேண்டும். அதாவது ஒரு அடி உயர்வதற்குப் பன்னிரண்டு அடி நீளம்.

விழிப்புலனற்றோர் காலால் தடவி அறியும் மஞ்சள் நிறப் புடைப்புக் கற்களைச் சில பெரிய கட்டடங்களின் முன்னே கண்டிருப்பீர்கள். ஜப்பானைச் சேர்ந்த செயிச்சி மியாக்கே 1965இல் வடிவமைத்த அவை, 1967இல் ஒகயாமா நகரில் முதன்முதலாகப் பதிக்கப்பட்டன. பதிக்கப்பட்ட இடம் விழிப்புலனற்றோர் பாடசாலையொன்றின் அருகில். ஒரு பாடசாலையின் வாசலில் தொடங்கிய வேலை உலகெங்கும் பரவியது. எங்கே தொடங்குவது என்று தயங்குபவர்களுக்கு இது ஒரு நல்ல பாடம்.

எமது நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கிறது. பொதுக் கட்டடங்களும் பொது இடங்களும் அவர்கள் அணுகக்கூடியவையாக அமைய வேண்டும் என்பதற்கான ஒழுங்குவிதிகள் 2006இல் வெளியாகின. ஆனால் கட்டடத்தின் வாசலில் சாய்வுப்பாதை இருந்து, அந்த வாசலுக்கு வரும் வழியில் பாதை இல்லாவிட்டால் பயன் என்ன?

யாழ்ப்பாணத்துக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. எமது நிலம் தட்டையானது; ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் கொட்டிவிடும். அந்த நீர் கான்கள் வழியாகக் குளங்களையும் கடனீரேரியையும் அடைய வேண்டும். நாவாந்துறை, பொம்மைவெளி போன்ற தாழ்ந்த பகுதிகளில் வசிப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே இங்கே கானும் நடைபாதையும் இரண்டு வேலைகள் அல்ல. ஒரே கட்டமைப்பின் கீழும் மேலும். கானைத் துப்புரவாக்கத் திறந்த மூடி மீண்டும் மூடப்படாவிட்டால் நடைபாதை போய்விடுகிறது. நீர் இறங்கும் துளை இல்லாமல் மூடினால் வீதி குளமாகிவிடுகிறது. இரண்டு ஆட்கள் சிரமமின்றித் தூக்கக்கூடிய, பிடியுள்ள மூடிகளைக் குறித்த இடைவெளியில் வைத்து, மற்ற இடங்களை நிரந்தரமாக மூடிவிட்டால் இரண்டு வேலையும் நடக்கும்.

இன்னொன்று கேற் வாசல்கள். வாகனம் ஏறுவதற்காக நடைபாதையை இறக்குவதா, நடைபாதை மட்டமாகவே இருக்க வாகனம் சிறிய சாய்வில் ஏறி இறங்குவதா? முதலாவது முறையில் நாள் முழுவதும் நடக்கும் நூறு பேர் இறங்கி ஏற வேண்டும். இரண்டாவது முறையில் நாளைக்கு இரண்டு தடவை ஒரு கார் ஏறி இறங்கும். இயந்திரம் இருப்பது காருக்கு. ஏறி இறங்க வைப்பதோ ஆச்சிமாரை.

எமது நகரிலும் அயலிலும்

நம்பிக்கை தரும் மாற்றங்கள் இல்லாமலில்லை. கண்டியிலும் காலியிலும் 2014இல் தொடங்கிய மூலோபாய நகர அபிவிருத்தித் திட்டம், உலக வங்கி 2016இல் அங்கீகரித்த 55 மில்லியன் டொலர் மேலதிக நிதியுடன் யாழ்ப்பாணத்துக்கும் விரிவாக்கப்பட்டது. வீதி, வடிகால், நடைபாதை, பொது இடங்கள் என்பவை அதில் கவனிக்கப்பட்டன. 2021 டிசம்பரில் ஆரியகுளம் நடைபாதையுடன் புதுப்பொலிவு பெற்றுத் திறக்கப்பட்டது. மாலையில் அங்கே குடும்பங்கள் நடப்பதைப் பார்க்கும்போது ஒன்று விளங்கும். நடக்க இடம் கொடுத்தால் இவ்வூர் மக்கள் நடப்பார்கள். ஆனால் குளத்தைச் சுற்றி நடப்பது பொழுதுபோக்கு. பாடசாலைக்கு நடப்பது தேவை. பொழுதுபோக்குக்குக் கிடைத்த பாதை தேவைக்கும் கிடைக்க வேண்டும்.

கடல் கடந்தால் சென்னை. அந்நகர மாநகராட்சி 2014இல் மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கையொன்றை ஏற்றது. போக்குவரத்துக்கு ஒதுக்கும் நிதியில் குறைந்தது 60 வீதம் நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் செல்ல வேண்டும் என்பது அதன் சாரம். கடைகள் நெருங்கிய பாண்டி பசாரில் வாகனத்துக்கான இடத்தைக் குறைத்து அகலமான நடைபாதை வளாகம் அமைத்து 2019 நவம்பரில் திறந்தார்கள். 2025 மே மாதம் இந்திய உச்ச நீதிமன்றம் ஒருபடி மேலே போய், தடையற்ற நடைபாதை என்பது அரசியலமைப்பின் 21ஆவது உறுப்புரை தரும் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்றது. நடைபாதை ஓர் அலங்காரம் அல்ல, உயிருடன் சம்பந்தப்பட்டது என்பதை ஒரு நாட்டின் உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது.

சொல்லப்படும் காரணங்கள்

எமது வீதிகள் ஒடுக்கமானவை, நடைபாதைக்கு எங்கே இடம் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். சோனகத் தெருவை அண்டிய ஒழுங்கைகளில் இரு பக்கமும் நடைபாதை போட முடியாது, போடவும் தேவையில்லை. அத்தகைய ஒழுங்கைகளில் வாகனம் நடப்பவரின் வேகத்துக்கு இறங்கி வர வேண்டும். அதற்கு வேகத்தடையும் வெளிச்சமும் போதும். அதைவிடப் பெரிய வீதிகளில் இரு பக்கமும் உடைந்த பாதைகளைவிட ஒரு பக்கம் அறாத பாதை மேலானது. நல்லூர்த் திருவிழாவின் 25 நாள்களும் ஆலயத்தைச் சூழவுள்ள வீதிகளை வாகனங்களுக்கு மூடி ஆயிரக்கணக்கானோர் ஆறுதலாக நடக்க வழி செய்கிறார்கள். நகரம் அதனால் நின்றுவிடுவதில்லை. ஆகவே இடத்தை எப்படிப் பகிர்வது என்பது இவ்வூருக்குத் தெரியாத வித்தையல்ல.

நடைபாதையைச் சரிசெய்தால் வியாபாரிகளின் வயிற்றில் அடிப்பதாகாதா என்று கேட்பார்கள். பழமும் பாதணியும் விற்று அன்றாடம் பிழைப்பவரை விரட்ட வேண்டும் என்று நான் எழுத மாட்டேன். அவர் வாழ்வதே நடப்பவரால்தான். காரில் பறந்து போகிறவர் அவரிடம் மாம்பழம் வாங்குவதில்லை. கம்பத்துக்கும் மரத்துக்கும் ஒதுக்கும் ஓரப் பட்டியில் அவருக்கும் கோடு கீறி ஓர் இடம் கொடுக்கலாம். கோடு இருந்தால் அவருக்கும் நிம்மதி, நடப்பவருக்கும் நிம்மதி.

போட்டுக் கொடுத்தாலும் சனம் அதில் ஏறாது என்பது இன்னொரு குற்றச்சாட்டு. பதினைந்து நிமிடத்தில் பதினொரு தடவை இறங்க வேண்டிய பாதையில் யார்தான் ஏறுவார்? அறாத பாதையைக் கொடுத்துப் பார்த்த பின்னர் மக்களைக் குறை சொல்லலாம்.

பணமில்லை என்பது கடைசிக் காரணம். நாட்டின் நிலை எங்களுக்கும் தெரியும். ஆனால் முதல் வேலைக்குப் பெரும் பணம் தேவையில்லை. இல்லாத மூடிகளைப் போடுவது, மணல் கும்பியை அகற்றச் சொல்வது, எரியாத வீதி விளக்கை எரிய வைப்பது, பாடசாலை முன்னே அழிந்துபோன பாதசாரிக் கடவைக்கு வர்ணம் பூசுவது. இவற்றுக்கு வேண்டியது பணத்தைவிட அக்கறை.

யாரிடம் கேட்பது?

இங்கேதான் பலர் களைத்துப் போகிறார்கள். ஏ, பீ வகுப்பு வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. சீ, டீ வகுப்பு வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. மிகுதியானவை மாநகர சபைக்கோ பிரதேச சபைக்கோ. மின்கம்பம் வேறொரு சபை, தண்ணீர்க் குழாய் இன்னொரு சபை. நடக்கும் பிள்ளைக்கு இந்த எல்லைகள் தெரியாது. அவளுக்கு அது ஒரே வீதி. ஆகவே இவர்கள் எல்லோரும் ஒரே மேசையில் இருந்து, கிண்டுவதையெல்லாம் கிண்டி முடித்த பின் பாதையைப் போட வேண்டும்.

2023 மார்ச்சில் உள்ளூராட்சிச் சபைகளின் காலம் முடிந்த பின்னர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் எமக்கு வட்டார உறுப்பினர் என்று எவரும் இருக்கவில்லை. 2025 மே 6ஆந் திகதி தேர்தல் நடந்து இப்போது இருக்கிறார்கள். எனக்கு இன்னும் வாக்கில்லை. ஆனால் இதை வாசிக்கும் பெற்றோருக்கு உண்டு. வாக்குக் கேட்டு வந்தவர்களிடம் வழி கேட்கலாம்.

என் கோரிக்கை ஒன்று. நகரம் முழுவதையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். ஒவ்வொரு பாடசாலையின் வாசலிலிருந்தும் 500 மீற்றர் தூரத்துக்கு, எல்லாத் திசைகளிலும் அறாத, வெளிச்சமான பாதையைத் தாருங்கள். யாழ்ப்பாணத்தில் பாடசாலைகள் நெருக்கமாக இருக்கின்றன. அந்த 500 மீற்றர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும்போது நகரத்தின் பெரும்பகுதி தானாகவே இணைந்துவிடும்.

மாணவிகளுக்கும் வேலை உண்டு. தவணைக்கு ஒரு தடவை, நாலு பேர், ஓர் அளவு நாடா, ஒரு குறிப்புப் புத்தகம். எந்த இடத்தில் மூடி இல்லை, எந்த விளக்கு எரியவில்லை, எங்கே அகலம் போதவில்லை என்று எழுதிப் படத்துடன் வட்டார உறுப்பினரிடம் கொடுப்போம். பாதை சரியில்லை என்று பொதுவாகச் சொன்னால் பார்ப்போம் என்பார்கள். இன்ன வீதியில் இன்ன கம்பத்துக்கு அருகே மூன்று மூடிகள் இல்லை என்று எழுதிக் கொடுத்தால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். எம் வீட்டுக் கேற்றுக்கு முன்னே இருக்கும் மூன்று மீற்றர் நடைபாதையும் இந்த ஊரின் பாதைதான். அதில் வாகனம் நிற்கிறதா, கல்லும் மணலும் கிடக்கின்றனவா, வீட்டுக் குப்பை கானுக்குள் போகிறதா என்று பார்ப்பதற்கு எந்தச் சபையின் அனுமதியும் தேவையில்லை. துன்பம் தருவதைப் பாதையிலிருந்து அகற்றும் நன்மையை இதைவிட எளிதாக எங்கே தேடுவது?

ஒரு நகரம் முன்னேறிவிட்டதா என்பதை அதன் மாடிக் கட்டடங்களை எண்ணி முடிவு செய்பவர்கள் உண்டு. என்னிடம் கேட்டால் எளிய சோதனையொன்றைச் சொல்வேன். மாரி காலத்து மாலையொன்றில் ஒரு மாணவி, யாருடைய துணையையும் எதிர்பார்க்காமல், ஒரு தடவைகூட வீதிக்கு இறங்காமல், பாடசாலையிலிருந்து பொது நூலகம் வரை நடந்து போய்ப் படித்துவிட்டு வீடு திரும்ப முடிகிறதா? முடியும் என்ற பதில் வரும் நாளில் இந்த நகரம் எங்களுக்கும் உரியதாகும். அந்த நாள் தூரத்தில் இல்லை, இன்ஷா அல்லாஹ். முதல் மூடியைப் போடுவதற்கு மட்டும் யாராவது குனிய வேண்டும்.

க.பொ.த. உயர்தரக் கலைப்பிரிவு மாணவி